பரணில் ஏழு லட்சம், வெளியில் நாலு லட்சம் கடன்: தேங்கிய ஜவுளிச் சரக்கை என்ன செய்வது?

தம்பி கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தாலுகா ஊரில் 600 சதுர அடியில் அப்பா நடத்தும் ஜவுளி, ரெடிமேட் கடை. மொத்தச் சரக்கு கொள்முதல் விலையில் ரூ.18 லட்சம். அதில் ரூ.7 லட்சத்துக்கான சரக்கு ஒரு வருடத்துக்கு மேலாக விற்காமல் கிடக்கிறது. வெளியில் ரூ.4 லட்சம் இரண்டு வட்டிக்கு வாங்கியிருக்கிறார்கள். தீபாவளிக் கொள்முதலுக்குக் கையில் பணமில்லை. பழையதைத் தள்ளிவிடலாம் என்றால், "அசலுக்குக் கீழே ஒரு பீஸ்கூடக் கொடுக்க மாட்டேன்" என்கிறார் அப்பா. என்ன வழி?

நான் பட்டுக்கோட்டையில் 27 வருடமாக ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். உங்கள் அப்பா சொன்னதை அப்படியே என் அப்பாவும் சொன்னார். அதே இடத்தில் நானும் நின்றிருப்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிற கணக்கைப் பார்ப்போம். ரூ.4 லட்சத்துக்கு இரண்டு வட்டி என்றால் மாதம் ரூ.8,000, வருடத்துக்கு ரூ.96,000. அந்தக் கடனை வாங்க வைத்ததே பரணில் கிடக்கும் 7 லட்சம்தான். அதை 60 சதவீதத்துக்கு விற்றால்கூட ரூ.4.2 லட்சம் வருகிறது, கடன் மொத்தமாக அடைந்துவிடுகிறது. 2.8 லட்சம் நஷ்டமாயிற்றே என்று அப்பா கேட்பார். அந்த நஷ்டம் சரக்கு விற்காமல் நின்ற அன்றே வந்துவிட்டது, நாம் இன்னும் நோட்டில் எழுதவில்லை, அவ்வளவுதான். எழுதாமல் தள்ளிப்போடுவதற்கு வருடம் 96,000 கட்டிக்கொண்டிருக்கிறோம். மூன்று வருடம் கட்டினால் அந்த 2.8 லட்சத்தையும் தாண்டிவிடும், சரக்கும் அப்படியே நிற்கும்.

ஒரு சட்டையை எடுத்துப் பார்த்தாலும் இதே கதைதான். ரூ.320-க்கு வாங்கியது, சீட்டில் விலை ரூ.480. இரண்டு வட்டிக்கு மாதம் ரூ.6.40. இருபது மாதம் கிடந்தால் ரூ.128. இன்றைக்கு அந்தச் சட்டை 448 ரூபாய்ச் சட்டை. 480-க்கே விற்றாலும் மிச்சம் 32 ரூபாய்தான், அதில் கடை வாடகையும் கரண்டும் ஆள் சம்பளமும் போக வேண்டும். அப்பாவிடம் பேசும்போது மொத்தத் தொகையைச் சொல்லாதீர்கள். ஒரு சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டுபோய் இந்தக் கணக்கை அவர் முன்னால் போடுங்கள். 7 லட்சம் என்றால் மனசு கனத்துவிடும். ஒரு சட்டைக் கணக்கை அவரால் மறுக்க முடியாது.

அடுத்தது, எண்ணுவது. எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று எல்லோருக்கும் மனசில் ஒரு தொகை இருக்கும், அது பெரும்பாலும் தப்பாக இருக்கும். கூட்டமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, தரையில் பழைய வேட்டி விரித்து, ஒரு ராக்கை மட்டும் முழுசாக இறக்குங்கள். ஒரே நாளில் கடை முழுவதும் எண்ண நினைத்தால் பாதியில் விட்டுவிடுவீர்கள். நீள நோட்டில் ரகம், சைஸ், எத்தனை பீஸ், கொள்முதல் விலை, வாங்கிய மாதம் என்று கோடு போட்டு எழுதுங்கள். வாங்கிய மாதம்தான் இதில் உயிர். பில் கிடைக்கவில்லை என்றால் அப்பாவைக் கேளுங்கள், எந்தப் பொங்கலுக்கு எந்த ஏஜென்ட் கொடுத்தார் என்பது வரை அவருக்கு ஞாபகம் இருக்கும்.

எழுதிய பிறகு விலையை மறந்துவிட்டு வயதை வைத்துப் பிரியுங்கள். ஆறு மாதத்துக்குள் வந்தது சரக்கு. ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை கிடப்பது கவனிக்க வேண்டியது. வருடம் தாண்டியது எவ்வளவு அழகாக இருந்தாலும் வெளியே போக வேண்டியது. கெட்டுப்போனது தனிக்குவியல். இப்படிப் பிரித்தவுடன், மனசுக்குப் பிடித்த ரகம் என்று அடுக்கிவைத்திருந்ததெல்லாம் மூன்றாவது குவியலில் இருப்பது தெரியும். எங்கள் கடையில் அப்படித்தான் தெரிந்தது.

கெட்டுப்போவதைப் பற்றி ஒரு வார்த்தை. துணி என்ன அரிசியா, புழு வைக்க என்று அப்பா கேட்கக்கூடும். 2019 கோடையில் எங்கள் பரணைப் பிரித்தபோது 46 வெள்ளைச் சட்டைகள் இருந்தன, உறை பிரிக்காதவை. உள்ளே அட்டை வைத்து மடித்த இடத்தில், தோளுக்குக் குறுக்கே, விரல் அகலத்துக்கு மஞ்சள் கோடு. துவைத்தால் போய்விடும் என்று இரண்டை வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைத்தோம். கோடு மங்கியது, போகவில்லை. அதே பரணில் குழந்தைகள் பனியன்கள் இருந்தன. நெஞ்சில் ரப்பர் பிரிண்ட் போட்ட ரகம், வெயில் தகரத்துக்குக் கீழே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரித்தால் பொம்மையின் பாதி முகம் மேல் பனியனோடு வந்தது. ஜட்டி இடுப்பு எலாஸ்டிக்கை இழுத்தால் நறநறவென்று சத்தம், இழுத்தது திரும்பவில்லை. பட்டுச் சேலையை மடிப்பு மாற்றாமல் வைத்தால் மடித்த இடத்தில் இற்றுவிடும், சரிகை கறுக்கும். துணிக்கும் ஆயுள் உண்டு. அரிசி மூட்டையில் வண்டு வெளியே ஊர்ந்து வந்து காட்டிக்கொடுக்கும். துணி உறைக்குள் சத்தமில்லாமல் கெடும், அதனால்தான் நமக்குத் தாமதமாகத் தெரிகிறது.

எங்கள் கடையில் சரக்கு ஏன் தேங்கியது என்று நீங்கள் கேட்கலாம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல். தீபாவளி முடிந்து பத்தாம் நாள். பொங்கலுக்கும் தைக் கல்யாணங்களுக்கும் நான் முன்கூட்டியே கொள்முதலை முடித்திருந்தேன். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் கடைவீதிக்கு வரும் காசு பெரும்பாலும் தேங்காய்க் காசு. ஒரே ராத்திரியில் தோப்புகள் படுத்துவிட்டன. புதுக் கன்று வைத்துக் காய்க்க ஐந்தாறு வருடம் ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் நான் என்ன செய்தேன்? 2,000, 3,000 ரூபாய்ச் சேலைகளை "அடுத்த முகூர்த்தத்துக்குப் போய்விடும்" என்று பரணில் ஏற்றினேன். வாடிக்கையாளரின் வருமானமே மாறிவிட்டபோது சரக்கின் விலையை மட்டும் மாறாமல் வைத்திருந்தேன். புயல் என் தப்பு இல்லை. அதன் பிறகு பதினான்கு மாதம் காத்திருந்தது முழுக்க என் தப்பு. அந்தச் சேலைகளை 2019 ஆடியிலேயே அசலுக்கு விட்டிருந்தால் வாங்க ஆள் இருந்தார்கள். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்துவிட்டது. பிறகு அதே சேலைகள் பாதி விலைக்குத்தான் போயின.

ஊரடங்கு நேரத்தில் பள்ளிச் சீருடை வைத்திருந்த கடைக்காரர்கள் பட்டது இன்னும் மோசம். தமிழ்நாட்டில் பள்ளிகள் ஒன்பதாம் வகுப்பு முதல் மேலே 2021 செப்டம்பர் 1-லும், சின்ன வகுப்புகள் நவம்பர் 1-லும்தான் முறையாகத் திறந்தன. ஒன்றரை வருடத்தில் பிள்ளைகள் இரண்டு சைஸ் வளர்ந்துவிட்டார்கள், சில தனியார் பள்ளிகள் கலரையே மாற்றிவிட்டன. சீருடை எந்தப் பள்ளிக்கு என்று வாங்கினோமோ அந்தப் பள்ளி எடுத்தால்தான் உண்டு, வேறு யாரும் எடுக்கமாட்டார்கள். உங்கள் 7 லட்சத்தில் சீருடை இருந்தால் அதை முதலில் பாருங்கள்.

இயற்கைச் சீற்றம் எப்போதோ வருவது. சாதாரண நாளில் சரக்கு தேங்குவதற்கு நான் பார்த்த பெரிய காரணம் செட் உடைவது. மொத்தக் கடையில் சட்டையைச் செட்டாகத்தான் தருவார்கள், 38, 40, 42, 44 என்று. நம் ஊரில் 40-ம் 42-ம் முதல் வாரத்தில் போய்விடும். 38-ம் 44-ம் நிற்கும். நாம் என்ன செய்கிறோம்? "இந்த ரகம் நல்லாப் போகுது" என்று மறுபடி ஒரு செட் வாங்குகிறோம். மூன்று முறை வாங்கினால் மூன்று 38, மூன்று 44 ராக்கில் நிற்கின்றன. விற்ற பீஸில் கிடைத்த லாபம் முழுவதும் இந்த ஆறு சட்டையாக மாறி மேலே உட்கார்ந்திருக்கிறது. உங்கள் நோட்டில் சைஸ் பத்தியைக் கூட்டிப் பாருங்கள், பெரும்பாலும் இதுதான் தெரியும்.

சரி, இனி எப்படி விற்பது என்பதற்கு வருகிறேன்.

விலையைக் குறைப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. வருடம் தாண்டிய சரக்கில் கொஞ்சம், யாரும் பார்க்காததால்தான் நிற்கிறது. கீழ்த்தட்டில், இன்னொரு ரகத்துக்குப் பின்னால், பழுத்துப்போன உறைக்குள். அதை எடுத்து இஸ்திரி போட்டு, புது உறை மாற்றி, வாசலுக்கு நேராகக் கண் மட்டத்தில் பதினைந்து நாள் வையுங்கள். கலைந்து கசங்கிக் கிடக்கிற துணியை "பழைய ஸ்டாக்" என்று பார்த்தவுடனே சொல்லிவிடுவார்கள், குறிப்பாகப் பெண்கள். உறைக்கும் இஸ்திரிக்கும் ஒரு பீஸுக்கு ஏழெட்டு ரூபாய் ஆகும், செலவழியுங்கள். எங்கள் அனுபவத்தில் கொஞ்சம் சரக்கு இதிலேயே முழு விலைக்குப் போய்விடும்.

அடுத்து, நிறம். இதை மொத்த வியாபாரிகள் சொல்லமாட்டார்கள், கடையில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும். நம் ஊரில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு மாதம் இருக்கிறது. கறுப்பு, கருநீலச் சட்டையும் வேட்டியும் கார்த்திகை பிறக்கும் முன் வெளியே வந்துவிட வேண்டும், மாலை போடுகிறவர்கள் சைஸ் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் எடுப்பார்கள். சிவப்புச் சேலை மார்கழி, தையில் மேல்மருவத்தூர் போகிறவர்களுக்கு. மஞ்சள் மாசி முதல் சித்திரை வரை, சமயபுரத்துக்கும் ஊர் மாரியம்மன் கோயில் காப்புக் கட்டுக்கும். காவி ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களுக்கு. எங்கள் கடையில் கடுகு மஞ்சள் நிறத்தில் 34 சட்டைகள் இரண்டு வருடம் நின்றன. தள்ளுபடி போட்டும் போகவில்லை. பங்குனியில் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய ஒரு தெருப் பையன்கள் மொத்தமாக வந்து 29 எடுத்துக்கொண்டு போனார்கள், அசலுக்கு மேலேயே. தேங்கிய சரக்கை நிறவாரியாகப் பிரித்து, எந்த மாதம் எது வெளியே வர வேண்டும் என்று காலண்டரிலேயே எழுதி வைத்துவிடுங்கள்.

ரவிக்கைத் துணி தேங்கியிருந்தால் நவராத்திரிக்கு முன்னால் பத்துப் பத்தாகக் கட்டி வையுங்கள், கொலுவுக்கும் வளைகாப்புத் தாம்பூலத்துக்கும் வாங்குவார்கள். சாதா வேட்டி, வெள்ளைத் துண்டு, குறைந்த விலைச் சேலையைக் கழிக்கவே வேண்டாம், துக்க வீட்டுக் கோடித் துணிக்கு எப்போதும் தேவை உண்டு. நேரம் கெட்ட நேரத்தில் கதவைத் தட்டுவார்கள், எழுந்து கொடுங்கள். அந்த நேரத்தில் கொடுத்தவரை அந்தக் குடும்பம் மறக்காது.

இப்போது ஆடி. பெரிய கடைகள் ஆடித் தள்ளுபடி போடுகின்றன, நாமும் போட்டால் எடுபடுமா என்று கேட்டிருந்தீர்கள். எடுபடும். ஆடியில் கல்யாணம் இல்லை, வியாபாரம் படுத்திருக்கும், அடுத்துப் புரட்டாசி, ஐப்பசிக் கொள்முதலுக்கு இடமும் பணமும் வேண்டும். அதனால்தான் இந்த மாதம் தள்ளுபடி மாதமாயிற்று. மக்களும் அதை எதிர்பார்த்துக் காசு வைத்திருக்கிறார்கள். ஆனால் பெரிய கடை மாதிரி "50 சதவீதம் வரை" என்று போடாதீர்கள். சின்ன ஊரில் அந்த "வரை"யை யாரும் நம்புவதில்லை. சீட்டு விலையை ஏற்றிவிட்டுக் குறைப்பது அதைவிடத் தப்பு. போன மாதம் உங்கள் கடையில் அதே சட்டையின் விலையைக் கேட்டவர் பக்கத்துத் தெருவில் இருப்பார். குவியலாகப் போட்டு, "எந்தச் சட்டை எடுத்தாலும் ரூ.250" என்று அட்டையில் எழுதி வையுங்கள். கேட்காமலே விலை தெரிய வேண்டும், பேரமே இருக்கக் கூடாது.

முதல் வெட்டு பெரிதாக இருக்கட்டும். 480-ஐ 450 ஆக்கி, பிறகு 420 ஆக்கி, மாதத்துக்கு 30 ரூபாயாக இறக்குவதால் யாரும் கடைக்குள் வருவதில்லை. வருகிறவர்களும் "இன்னும் இறங்கும்" என்று காத்திருப்பார்கள். வருடம் தாண்டிய குவியலை நேராக 280-க்கோ 250-க்கோ கொண்டுவாருங்கள். ஆடி 18 வரை பார்த்துவிட்டு, நின்றதை 199 ஆக்குங்கள். ஆடி கடைசியில் அதிலும் மிஞ்சியது எண்ணிக்கையில் குறைவாக இருக்கும், அதை என்ன செய்வது என்று கீழே சொல்கிறேன்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். தீபாவளிக் கவுண்டரில் பழைய சரக்கு ஒரு பீஸ்கூட இருக்கக் கூடாது. 650 ரூபாய்ப் புதுச் சட்டைக்குப் பக்கத்தில் 250 ரூபாய்ச் சட்டை இருந்தால், வாடிக்கையாளர் 250-ஐ எடுக்கமாட்டார், 650-ஐ 450-க்குக் கேட்பார். பழையது புதியதின் விலையையும் கெடுத்துவிடும். தீபாவளி நேரத்தில் பழையதை மூட்டை கட்டி வீட்டுக்கே கொண்டுபோய்விடுவேன்.

வாங்கிய இடத்தில் திருப்பிக் கொடுக்க முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். முடியும், ஆனால் சீசன் ஓடும்போதே கேட்க வேண்டும். மூன்று மாதத்துக்குள், சீட்டும் உறையும் மாறாமல், "திருப்பி எடுங்க" என்பதைவிட "சைஸ் மாத்திக் கொடுங்க" என்று கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். நம்மிடம் நிற்கும் 44 இன்னொரு ஊரில் ஓடும் சைஸாக இருக்கலாம். ஏஜென்ட் மூலம் வாங்கியிருந்தால் அவரை வைத்தே பேசுங்கள், அடுத்த ஆர்டர் வேண்டும் என்பதால் உங்களுக்காக வாதாடுவார். திருப்பிக் கொடுப்பதற்கு அவர்கள் கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைத்துத் தரும் சீட்டு) போட வேண்டும், நீங்கள் எடுத்த உள்ளீட்டு வரியை (வாங்கும்போது கட்டி, விற்பனை வரியில் கழித்துக்கொண்ட ஜி.எஸ்.டி.யை) அந்த அளவுக்குத் திருப்ப வேண்டும். சரக்கு வாங்கிய நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30-க்குப் பிறகு கிரெடிட் நோட்டில் வரியைச் சரிசெய்ய முடியாது. ஒரு வருடத்துக்கு மேல் பழையதை அவர்கள் எடுக்கமாட்டார்கள், அதற்காக ஈரோட்டுக்கும் திருப்பூருக்கும் அலையாதீர்கள்.

வரி என்றதும் சில சந்தேகங்களைத் தீர்த்துவிடுகிறேன், உங்கள் அப்பா தயங்குவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அசலுக்குக் கீழே விற்றால் ஜி.எஸ்.டி.யில் சிக்கல் வருமா? வராது. பில்லில் என்ன விலைக்கு விற்கிறீர்களோ அதற்குத்தான் வரி, எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று போட்டாலும் இரண்டு பீஸை ஒரு விலைக்கு விற்றதாகத்தான் கணக்கு. ஆனால் சும்மா தானமாகக் கொடுத்தாலோ, கெட்டுவிட்டது என்று கணக்கிலிருந்து கழித்தாலோ, அந்தச் சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்பிக் கட்ட வேண்டும். அதனால் 20 ரூபாய்க்காவது பில் போட்டு விற்பது நல்லது. நீங்கள் 1.5 கோடிக்குள் விற்பனை உள்ள சிறு கடைகளுக்கான காம்போசிஷன் திட்டத்தில் (மொத்த விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் முறை) இருந்தால் உள்ளீட்டு வரியே எடுத்திருக்கமாட்டீர்கள், இந்தக் கவலை எதுவும் இல்லை.

விலை கூடிய ரெடிமேட் தேங்கியிருந்தால் ஒரு விஷயம் உங்களுக்குச் சாதகமாக இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் ரெடிமேட் ஆடைக்கு ஒரு பீஸ் ரூ.2,500 வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். வரி சேராமல் ரூ.2,800-க்கு வைத்திருக்கும் ஒரு கவுனுக்கு வாடிக்கையாளர் கொடுப்பது ரூ.3,304. அதை ரூ.2,499 ஆக்கினால் அவர் கொடுப்பது ரூ.2,624. உங்கள் கையிலிருந்து குறைவது 301 ரூபாய், அவருக்குக் குறைவது 680 ரூபாய். 2,500-க்குக் கொஞ்சம் மேலே நிற்கிற எல்லா பீஸையும் இப்படிப் பாருங்கள்.

வருமான வரிக்குக் கணக்குப் புத்தகம் வைத்து லாபம் காட்டுபவராக இருந்தால் மார்ச் 31 சரக்கு மதிப்பைக் கவனியுங்கள். வாங்கிய விலை, இன்று விற்கக்கூடிய விலை, இரண்டில் எது குறைவோ அதைத்தான் போட வேண்டும். நிறைய கடைகளில் பரண் சரக்கை வருடா வருடம் வாங்கிய விலைக்கே எழுதிவருகிறார்கள். அப்படி எழுதினால் வராத லாபத்துக்கு வரி கட்டுகிறோம். உங்கள் கணக்காளரிடம் வயதுவாரியாக எழுதிய அந்த நோட்டைக் கொடுங்கள், ஆதாரத்தோடு குறைத்துப் போட்டுத் தருவார்.

ஆடிக்குப் பிறகும் மிஞ்சியதற்கு வருகிறேன். சந்தை வியாபாரிகளிடம் கொடுங்கள். வாரச் சந்தையிலும் கோயில் திருவிழாவிலும் கடை போடுகிறவர்கள் பீஸ் 80, 100 என்று எடுப்பார்கள். கைக்காசு வாங்கிக்கொள்ளுங்கள், கடன் வேண்டாம். முக்கியமாக, பொறுக்கி எடுக்க விடாதீர்கள். நல்ல பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டால் மிச்சம் எந்த விலைக்கும் போகாது. லாட்டாகக் கட்டி, கட்டுக்கு விலை சொல்லுங்கள். மஞ்சள் கோடு விழுந்த வெள்ளைச் சட்டை, ஒட்டிப்போன பனியன் எல்லாம் கிலோ கணக்கில் வேஸ்ட் துணி எடுப்பவருக்கு. ஒர்க் ஷாப்பில் கை துடைக்கவும் மெஷின் துடைக்கவும் போகும். எங்கள் 46 வெள்ளைச் சட்டையில் 40 அப்படித்தான் போயிற்று. அன்றைக்கு அப்பா கடைக்கு வரவில்லை, நான் வற்புறுத்தவும் இல்லை.

உங்கள் அப்பாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்பதுதான் உங்கள் கேள்வியிலேயே கஷ்டமான பகுதி. அசல் என்பது அவருக்கு வெறும் விலை இல்லை. அந்தச் சேலையை வாங்க ராத்திரி பஸ்ஸில் போய், கைப்பையைத் தலைக்கு வைத்துத் தூங்கி, விடிகாலையில் மார்க்கெட்டில் நின்று, பேரம் பேசி எடுத்தவர் அவர். அதைப் பாதி விலைக்குக் கொடுப்பது தன் தேர்வே தப்பு என்று ஊருக்குச் சொல்வதுபோல அவருக்கு வலிக்கும். அதனால் 7 லட்சத்தையும் கேட்காதீர்கள். ஒரு ராக் மட்டும் கேளுங்கள், 40,000 ரூபாய்ச் சரக்கு. வருகிற காசை கல்லாவில் சேர்க்காமல் தனி டப்பாவில் போடுங்கள், அதிலிருந்து ஓடுகிற சரக்கு மட்டும் வாங்குங்கள். நானும் என் அப்பாவிடம் இப்படி ஒரு ராக்தான் கேட்டேன், விற்ற காசில் கைலி, நைட்டி, உள்பாவாடை வாங்கினேன். அந்த ராக்குக்கு 26,000 ரூபாய் வந்திருந்தது. நாலு மாதத்தில் அந்த டப்பா 40,000-த்தைத் தாண்டியது. டப்பாவை அப்பாவிடம் கொடுத்து எண்ணச் சொன்னேன். எண்ணி முடித்துவிட்டு, "அடுத்த ராக் எது?" என்றார்.

மறுபடி தேங்காமல் இருக்க வேண்டும் என்றால், கொள்முதலில்தான் பிடிக்க வேண்டும். முன்காலத்தில் மூன்று மாதத்துக்குச் சேர்த்து வாங்கியதற்குக் காரணம் இருந்தது, போய்வரக் கஷ்டம். இன்றைக்கு ஈரோடு கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தை வாராவாரம் திங்கள் ராத்திரி தொடங்கி செவ்வாய் வரை நடக்கிறது. திருப்பூர் காதர்பேட்டையில் பனியன் சரக்கு எந்த நாளும் எடுக்கலாம். சேலைக்குச் சேலம் பக்கம் இளம்பிள்ளை இருக்கிறது. ஒரு ராத்திரிப் பயணத்தில் சரக்கு கிடைக்கும்போது அதை ஏன் நம் பரணில் வைத்து வட்டி கட்ட வேண்டும்? தீபாவளிக்கு 5 லட்சம் வாங்க நினைத்தால் 3 லட்சத்துக்கு மட்டும் முதலில் எடுங்கள். எது ஓடுகிறது என்று பத்து நாளில் தெரிந்துவிடும், மிச்சத்தை அதில் மட்டும் போடுங்கள்.

ஏஜென்ட் "நூறு பீஸ் எடுத்தா பத்து ரூபா குறைச்சுக்கலாம், தொண்ணூறு நாள் கழிச்சுப் பணம் கொடுங்க" என்பார். அதில்தான் பெரும்பாலான கடைகள் விழுகின்றன. பத்து ரூபாய் லாபத்துக்காக வாங்கிய அதிகப்படி 60 பீஸ்தான் அடுத்த வருடம் பரணில் இருக்கும். அதோடு கடன் நாளுக்கும் இப்போது வரம்பு இருக்கிறது. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால் எடுத்த உள்ளீட்டு வரியை வட்டியோடு திருப்ப வேண்டும். சிறு, குறு உற்பத்தியாளராகப் பதிவு செய்தவரிடம் வாங்கியிருந்தால், ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள். அதைத் தாண்டி மார்ச் 31-ல் பாக்கி நின்றால், பணம் கட்டும் வருடத்தில்தான் வருமான வரியில் அதைச் செலவாக ஏற்பார்கள். 2024 மார்ச்சில் இதற்குப் பயந்து நிறைய பேர் சரக்கைத் திருப்பி அனுப்பினார்கள்.

இரண்டு சின்னப் பழக்கங்கள் எங்கள் கடையைக் காப்பாற்றின. ஒன்று, விலைச் சீட்டில் கலர்ப் பொட்டு. தீபாவளிக் கொள்முதலுக்குச் சிவப்பு, பொங்கலுக்குப் பச்சை, கோடைக்கு நீலம், அதன் மேல் வருடத்தின் கடைசி எண். கடைப் பையன்கூட ராக்கைப் பார்த்தவுடன் எது கிழடு என்று சொல்லிவிடுவான். பழைய பொட்டு உள்ளதை முதலில் எடுத்துக் காட்டி விற்றால் பீஸுக்கு ஐந்து ரூபாய் அவனுக்கு. இன்னொன்று, "இல்லை" நோட்டு. வாடிக்கையாளர் கேட்டு நம்மிடம் இல்லை என்று சொன்னதையெல்லாம் அன்றன்றைக்கு எழுதுவது. 42 சைஸ் வெள்ளை அரைக்கை, ஆறு வயசுக்குப் பாவாடை சட்டை, இப்படி. கொள்முதலுக்குப் போகும்போது நான் கொண்டுபோவது அந்த நோட்டை மட்டும்தான். ஏஜென்ட் எதைக் காட்டினாலும், நோட்டில் இருக்கிறதா என்று பார்ப்பேன்.

கடைசியாக, ஸ்டாக் பார்க்க சாஃப்ட்வேர் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இந்த ஆடிக்கு வேண்டாம். எண்ணாத சரக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் தப்பான கணக்கு அழகாகத் தெரியும், அவ்வளவுதான். முதலில் நோட்டில் எண்ணி, வருடம் தாண்டியதை வெளியேற்றுங்கள். தீபாவளிக்குப் புதிதாக வரும் சரக்கிலிருந்து பார்கோடு ஒட்டத் தொடங்குங்கள். பில் போடும்போதே பீஸ் கழிகிற சாதாரண பில்லிங் சாஃப்ட்வேர் உங்கள் கடைக்குப் போதும். வாங்கும்போது ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: வாங்கிய தேதி வாரியாகச் சரக்குப் பட்டியல் எடுக்க முடிய வேண்டும், சைஸ் தனித்தனியாக.